கண்டமேடைக் கடல்களின் வசந்தம்: பிளாந்தன் பெருக்கத்தைத் தீர்மானிப்பவை எவை?

கடல்வளம் பற்றிய எமது பேச்சு பெரும்பாலும் மீனோடும் வலையோடும் படகோடும் நின்றுவிடுகின்றது. அந்த மீனுக்கு உணவு எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது. நீரோட்டத்தின் போக்கில் அள்ளுண்டு செல்லும் பிளாந்தன்கள் எனும் மிதவை உயிரினங்களே கடலின் உணவுச் சங்கிலியில் முதற் கண்ணிகளாகும். சூரிய ஒளியைக் கொண்டு தமக்கான உணவைத் தாமே தயாரிப்பவை தாவரப் பிளாந்தன்கள். அவற்றை உண்டு வாழ்பவை விலங்குப் பிளாந்தன்கள். பூமியில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய அரைவாசி, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இத்தாவரப் பிளாந்தன்களாலேயே நிகழ்கின்றது.

கண்டங்களின் விளிம்பில் சுமார் 200 மீற்றர் ஆழம் வரை பரந்துள்ள கண்டமேடைக் கடல்கள் சமுத்திரப் பரப்பில் பத்திலொரு பங்குக்கும் குறைவானவை. எனினும், உலக மீன் அறுவடையின் பெரும்பகுதி அவற்றிலிருந்தே பெறப்படுகின்றது. இக்கடல்களுள் மிக நீண்டகாலம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, பிரித்தானியாவுக்கும் நோர்வே, டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளுக்கும் இடையே அமைந்துள்ள வட கடலாகும். குளிர்காலத்தில் உயிர்ப்பு அடங்கிக் கிடக்கும் அக்கடல் வசந்த காலத்தில் சில வாரங்களுக்குள் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறுகின்றது. இதனையே விஞ்ஞானிகள் வசந்தகாலப் பிளாந்தன் பெருக்கம் என்கின்றனர்.

வசந்தத்தில் நீர் சூடேறுவதே இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணக்கூடும். உண்மையில் வெப்பத்தைவிட ஒளிக்கே இதில் முதலிடம் உண்டு. குளிர்காலப் புயல்கள் கடல்நீரை மேலும் கீழுமாகக் கலக்குகின்றன. அக்கலக்கத்தால் அடியிலுள்ள நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று ஆகிய போசணைப் பொருட்கள் மேலே கொண்டுவரப்படுகின்றன. ஆயினும், அதே கலக்கம் தாவரப் பிளாந்தன்களை இருண்ட ஆழத்துக்கும் இழுத்துச் சென்றுவிடுகின்றது. உரம் நிறைந்த வயலில் வெளிச்சம் இல்லாத நிலை அது.

நோர்வே நாட்டுச் சமுத்திரவியலாளர் ஹரல்ட் ஸ்வெர்ட்ரப் 1953ஆம் ஆண்டு இதற்கொரு தெளிவான விளக்கத்தை முன்வைத்தார். பிளாந்தன்கள் ஒளியால் பெறும் வளர்ச்சியும் சுவாசம் முதலியவற்றால் அடையும் இழப்பும் சமப்படும் ஓர் ஆழம் உண்டு. நீர் கலக்கப்படும் படை அந்த அவதி ஆழத்தைவிடக் குறையும்போதே பெருக்கம் ஆரம்பிக்கும் என்பது அவரது கருத்து. வசந்தத்தில் மேற்படை சூடேறி இலேசாகி, கனமான குளிர்நீரின் மேல் தங்கிவிடும்போது இந்நிலை ஏற்படுகின்றது. ஆக, வெப்பத்தின் பங்கு பெரும்பாலும் நீரைப் படைகளாகப் பிரித்து, பிளாந்தன்களை ஒளியில் நிறுத்திவைப்பதேயாகும்.

இவ்விளக்கத்துக்கு மறுப்பும் எழாமல் இல்லை. வட அத்திலாந்திக் பற்றிய செய்மதித் தரவுகளை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் பெரன்ஃபெல்ட், பெருக்கத்தின் தொடக்கம் குளிர்காலத்திலேயே நிகழ்ந்துவிடுவதாக 2010இல் வாதிட்டார். ஆழமான கலக்கத்தால் நீர் பெருகி, உண்பவையும் உண்ணப்படுபவையும் ஒன்றையொன்று சந்திப்பது அரிதாகின்றது என்பதே அவர் கூறிய காரணம். ஆழம் குறைந்த கடல்களிலோ வற்றுப்பெருக்கும் முக்கியம் பெறுகின்றது. வட கடலின் தென்பகுதியில் வற்றுப்பெருக்கு நீரோட்டம் நீரை ஆண்டு முழுவதும் அடிவரை கலக்குகின்றது. அங்கு வெப்பப்படைகள் உருவாவதில்லை; கிளறப்படும் சேறு எப்போது அடங்கி ஒளி ஊடுருவ இடமளிக்கின்றது என்பதே கேள்வியாகும். ஆழமான வடபகுதியில் படைபிரிதலே தீர்மானிக்கும் காரணியாகின்றது. ஒரே கடலிலேயே வசந்தம் இரு வேறு வழிகளில் வருகின்றது.

பெருக்கம் தொடங்கியதும் எந்த இனம் மேலோங்கும் என்பதைப் போசணைப் பொருட்களே தீர்மானிக்கின்றன. முதலில் வளர்பவை தயற்றம்கள். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டைக் கட்டுவதற்கு அவற்றுக்குச் சிலிக்கேற்று இன்றியமையாதது. அது தீர்ந்ததும் தயற்றம்கள் தளர்ந்து அடிக்குச் செல்ல, சிலிக்கா தேவைப்படாத வேறு இனங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றான பீயோசிஸ்டிஸ், வழுவழுப்பான கூட்டங்களாக வளர்ந்து, அழியும்போது கரையோரத்தில் நுரையாக ஒதுங்குகின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரர்கள் ஐவர் இத்தகைய தடித்த நுரைக்குள் அகப்பட்டு உயிரிழந்தனர்.

இங்கு மனிதனின் பங்கும் உண்டு. ரைன், எல்பே, தேம்ஸ் முதலிய நதிகள் விளைநிலங்களின் உரத்தையும் நகரங்களின் கழிவையும் வட கடலில் சேர்க்கின்றன. 1985இற்கும் 1995இற்கும் இடையில் நைதரசன், பொசுபரசு வரத்தை அரைவாசியாகக் குறைப்பதென 1987இல் இலண்டனில் கூடிய வட கடல் நாடுகள் இணங்கின. சுத்திகரிப்பு நிலையங்களாலும் பொசுபேற்று நீக்கப்பட்ட சலவைத் தூள்களாலும் பொசுபரசு பெருமளவு குறைந்தது. விளைநிலங்களிலிருந்து வழியும் நைதரசனை அவ்வளவு எளிதில் குறைக்க இயலவில்லை. இதனால் இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதமே மாறிவிட்டது. போசணையின் அளவு மாத்திரமன்றி, விகிதமும் உயிரினக் கூட்டத்தை மாற்றவல்லது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

அடுத்த கண்ணி விலங்குப் பிளாந்தன்களாகும். அரிசி மணியளவேயான கலானஸ் பின்மார்க்கிகஸ் எனும் குளிர்நீர் உயிரினம், குளிர்காலத்தை ஆழ்கடலில் உறக்கநிலையில் கழித்துவிட்டு வசந்தத்தில் மேலெழுந்து, நீரோட்டத்தோடு வட கடலுக்குள் வருகின்றது. கொழுப்பு நிறைந்த இவ்வுயிரினமும் அதன் குஞ்சுகளும் கொட் மீனின் குடம்பிகளுக்கு ஏற்ற உணவாகும். கருவூண் தீர்ந்த குடம்பிக்கு உடனே இரை கிடைக்காவிடின் அவ்வாண்டின் மீன்குலமே குன்றிவிடும் என்பதை நோர்வேயின் யோஹான் யோர்ட் 1914இலேயே எடுத்துக்காட்டினார். பிரித்தானிய விஞ்ஞானி டேவிட் குஷிங் பின்னர் இக்கருத்தை விரிவாக்கி, குடம்பிகள் தோன்றும் காலமும் பிளாந்தன் பெருகும் காலமும் பொருந்துவதிலேயே மீன்வளம் தங்கியுள்ளது என்றார்.

இப்பொருத்தமே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கின்றது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வட கடல் சூடேறியபோது கலானஸ் பின்மார்க்கிகஸ் குறைந்து, வெப்பத்தை விரும்பும் கலானஸ் ஹெல்கோலண்டிகஸ் பெருகியது. பின்னையதன் உச்சம் வசந்தத்திலன்றி, கோடை இறுதியிலும் இலையுதிர் காலத்திலுமே வருகின்றது. பந்தியில் உணவு பரிமாறப்படுகின்றது. ஆனால் விருந்தினர் வந்துபோன பின்னரே பரிமாறப்படுகின்றது. கொட் மீன் வளம் குன்றியதில் மிகைப்பிடிக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும், இம்மாற்றமும் இளம் மீன்களின் பிழைப்பைப் பாதித்தது என 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மேலும், வசந்தகாலத் தயற்றம்களின் நேரம் பெரிதும் மாறாதிருக்க, கடலடி விலங்குகளின் குடம்பிகள் சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய நான்கு வாரம் முந்திவிட்டன என 2004இல் அறியப்பட்டது. பகலின் நீளம் புவி வெப்பமடைவதால் மாறுவதில்லை. நீரின் வெப்பநிலை மாறுகின்றது. ஒளியைப் பார்த்து நேரம் கணிப்பவையும் வெப்பத்தைப் பார்த்து நேரம் கணிப்பவையும் இதனாலேயே பிரிந்து செல்கின்றன.

இவையாவும் அறியப்பட்டமைக்கு அலிஸ்டர் ஹார்டி என்ற பிரித்தானியர் உருவாக்கிய எளிய கருவியொன்றே காரணமாகும். வர்த்தகக் கப்பல்களின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் அக்கருவியினுள் பட்டுத் துணியொன்று மெல்லச் சுருண்டு, வழிநெடுகப் பிளாந்தன்களைச் சேகரிக்கின்றது. 1931இல் வட கடலில் ஆரம்பமான இப்பணி, உலகப் போர்க்கால இடைவெளி நீங்கலாக, இன்றுவரை தொடர்கின்றது. உடனடிப் பயன் எதுவும் தராத இம்மாதிரிகள் பத்தாண்டுகள் பல கடந்த பின்னரே தமது கதையைச் சொல்லத் தொடங்கின.

எமது கடல்களில் வசந்தமில்லை. ஒளி ஆண்டு முழுவதும் கிடைப்பதால், பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது போசணையே. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரையோரம் ஆழ்நீர் மேலெழுவதால் தாவரப் பிளாந்தன்கள் பெருகுவதைச் செய்மதிப் படங்கள் காட்டியுள்ளன. காரணிகளின் வரிசை வேறுபட்டாலும், மீன்குஞ்சும் அதன் இரையும் காலத்தால் பொருந்தவேண்டும் என்ற நியதி எங்கும் ஒன்றே. வலையின் கண்ணளவையும் பிடிக்கும் காலத்தையும் சட்டத்தால் வரையறுக்கலாம். பிளாந்தன்களின் நேரத்தைச் சட்டத்தால் வரையறுக்க முடியாது. அதனை ஆண்டுதோறும் இடைவிடாது அவதானிக்க மாத்திரமே முடியும். இன்று அளக்கத் தவறிய கடலின் நேற்றைய நிலையை நாளை எவராலும் மீட்டெடுக்க இயலாது என்பதே வட கடல் எமக்குக் கூறும் பாடமாகும்.