எம்.என். என்ற இரண்டு எழுத்து

பேத்தி கல்லூரிக்கென்று வாங்கிய ஆப்பிள் கணினியில், நான் தமிழில் தட்டெழுத ஏற்பாடு செய்துகொடுத்தாள். எழுத்துருப் பட்டியலைத் திறந்தபோது 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. சங்கம் புரிகிறது, இந்த எம்.என். யாரம்மா என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னாள்: முத்து நெடுமாறன், மலேசியாக்காரர். பெயரைக் கேட்டதும் எனக்கு ஈப்போ அத்தான் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மகனுடைய கணினியில் 'முரசு அஞ்சல்' என்ற மென்பொருளை வைத்துத் தமிழில் மின்னஞ்சல் எழுதப் பழகிக்கொண்டார். நான் அப்போது தபால் துறையில் இருந்தேன். கடிதம் கொடுக்கிறவனுக்கே கம்பியில்லாத கடிதமா என்று கிண்டல் வேறு செய்வார். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் போய்த் திறந்தால் ஒரு எழுத்து படிக்க முடியாது. கொம்பு வைத்த ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் புள்ளிகளுமாக ஒரு பக்கம் முழுக்க நிற்கும். கடைக்காரப் பையன், "ஃபாண்ட் இல்லை சார்" என்று கையை விரித்துவிட்டான். அத்தானுக்குப் போன் போட்டு, "கடிதம் கிடைத்தது, எல்லோரும் சுகம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். படிக்க முடியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பது பிற்பாடுதான் விளங்கியது. கணினிக்கு 'க' என்பது வடிவம் அல்ல, ஒரு எண். 1972 ஆகஸ்ட் 15-இல் நம் தபால் துறை பின்கோடு கொண்டுவந்தது நினைவிருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மன்னார்குடிக் கடிதம் மதுரைக்குப் போயிருக்கும். தமிழ் எழுத்துருக்கள் அன்று அந்த நிலையில்தான் இருந்தன. ஒருவர் 'க' வைத்த எண்ணில் இன்னொருவர் 'து' வைத்திருப்பார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கேட்டுக்கொள்ள ஆளில்லாத காலத்தில் தாங்களாகவே முன்வந்து செய்தவர்கள் அவர்கள். முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு' செயலியைத் தொடங்கிவிட்டார். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் கையால் அச்சுக் கோத்ததை விட்டுக் கணினிக்கு மாற அது உதவியது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதி வலையில் ஏற்றியவரும் அவரே. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' செய்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். பெரும்பாலும் வேறு வேலையில் சம்பாதித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எழுத்துக்குச் சுழி போட்டவர்கள்.

சிக்கல் என்னவென்றால், இத்தனை பேரும் ஒரே எண்ணுக்கு வரவேண்டும். தன் எழுத்துருவில் ஆயிரக்கணக்கான பக்கம் அச்சாகிவிட்ட ஒருவரைப் பார்த்து, "உன் எண்களை விட்டுவிடு" என்று சொல்வது லேசா? 1997-இல் சிங்கப்பூரில் கூடினார்கள். 1999 பிப்ரவரியில் தமிழக அரசே சென்னையில் மாநாடு கூட்டியது. 'தமிழ்99' விசைப்பலகை அங்கேதான் உறுதியானது. குறியீட்டு முறை ஒன்று வேண்டும் என்று கூடியவர்கள் 'டாம்', 'டாப்' என்று இரண்டோடு எழுந்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் 'டிஸ்கி' என்ற மூன்றாவதை வைத்திருந்தார்கள். நம் ஊர்வலத்தில் எப்போதும் இரண்டு கொடியாவது இருக்கும்!

2000-இல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. முத்து நெடுமாறன் அதில் உழைத்தார், பிறகு தலைவர் பொறுப்பிலும் இருந்தார். உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுதான் வழி என்று நின்றவர்களில் அவர் முக்கியமானவர். தமிழுக்கு அதில் கிடைத்தது 128 இடம். 247 எழுத்துக்கும் தனி இடம் தராமல் உயிர்மெய்யை இரண்டாகப் பிரித்து வைப்பதா என்று பலருக்கு மனக்குறை. அந்த மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபோது கூடவே 'டேஸ்16' என்ற முறையையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான்.

நான் யோசித்துப் பார்ப்பது வேறு. முரசு அவர் பிழைப்பும்கூட. எண் பொதுவாகிவிட்டால், அவர் எழுத்துருவில் எழுதியதை யாருடைய எழுத்துருவிலும் படித்துவிடலாம். வாடிக்கையாளரைக் கட்டிவைக்கும் கயிறு அறுந்துவிடும். தெரிந்துதான் செய்தார். முரசு அஞ்சலின் முதல்நிலைப் பதிப்பை இலவசமாகவும் கொடுத்தார். 2005 பொங்கலுக்குக் கைப்பேசியில் தமிழ் எழுத 'செல்லினம்' கொண்டுவந்தார். ஆப்பிளுக்குத் தமிழோடு வங்காளம், மலையாளம், சிங்களம் என்று பல எழுத்துகளும் வரைந்தார். இன்று 'க' எந்த நாட்டுக் கணினியிலும் 2965 தான்.

அத்தான் 2003-இல் தவறிவிட்டார். இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அந்தக் கடிதம் இருந்தால் மாற்றிப் படிக்கலாம் தாத்தா" என்றாள். அக்கா மகன் அப்பாவின் பழைய அஞ்சல்களைச் சேமித்து வைத்திருந்தான். அனுப்பினான். பேத்தி எதிலோ போட்டு எடுத்தாள், அரை நிமிடம்கூட ஆகவில்லை. குடும்ப நலம், ஈப்போ மழை, அக்காவின் முழங்கால் வலி என்று போகிற கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி: "மாப்பிள்ளை, மாமா படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதை நகல் எடுத்து அனுப்பவும். உன் அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

அக்காவும் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன வாரம் அப்பா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்டூடியோவில் நகலெடுத்து, ஈப்போவுக்கு அக்கா மகன் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். தபாலில்தான்.