வால்வு முன்னே, டிரான்சிஸ்டர் பின்னே

பழைய ஆம்பிளிஃபயர்களைத் திறந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. வால்வையும் டிரான்சிஸ்டரையும் ஜோடி சேர்ப்பது நேற்று வந்த மோகம் என்பவர்களுக்கு நான் பிலடெல்பியாவின் டைனாகோவைக் காட்டுவேன். டேவிட் ஹாஃப்லரின் அந்த நிறுவனம் 1966-இல், சேனலுக்கு 60 வாட் தரும் ஸ்டீரியோ 120 என்ற டிரான்சிஸ்டர் பவர் ஆம்பிளிஃபயரை இறக்கியது. அப்போது அவர்களிடம் இருந்த பிரீஆம்ப், வால்வில் ஓடிய பிஏஎஸ்-3தான். தத்துவமெல்லாம் இல்லை, கைவசம் இருந்தது அது.

அதற்குள் நான்கு 12ஏஎக்ஸ்7 வால்வுகள். இசைத்தட்டு ஊசி தருவதோ சில மில்லிவோல்ட். தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியை ஏற்றிவிடுகிறார்கள். ஆர்ஐஏஏ வளைவின்படி பிரீஆம்ப் அதைத் திருப்ப வேண்டும்: 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கம். இதற்கு வோல்டேஜ் போதும். வால்வு தாராளமாகத் தரும். ஸ்பீக்கருக்குக் கரண்ட் வேண்டும்; அது டிரான்சிஸ்டரின் வேலை. கனத்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் மிச்சம் (என் முதுகுக்கு இதுவே பெரிய நியாயம்).

வில்லங்கம் இரண்டுக்கும் நடுவில். பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் 10 கிலோஓம் அளவுக்குக் குறைந்தால், வால்வுப் பெட்டியின் கடைசிக் கெப்பாசிட்டரில் தாழ்ந்த ஒலி தேய்ந்துவிடும். டபுள் பாஸ்காரர் பாதிக் கச்சேரியில் எழுந்து போனதுபோல் இருக்கும். 47 கிலோஓமாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் ஒயரைச் செருகுவேன்.