விஷப் பரீக்ஷையும் வாத்துக்குஞ்சும்

கொல்லிமலைக்கு மேற்கே ராசிபுரத்திலிருந்து மோகனூர்க் காவிரிக்கரை வரை பரந்து கிடக்கும் நாமக்கல் சமவெளி, வானம் பார்த்த பூமியில் நிலக்கடலையும் சோளமும் விதைத்து, மழை பொய்த்த வருஷங்களில் கிணற்றின் அடிமண்ணைச் சுரண்டிக் காலம் தள்ளிய குடியானவர்களின் நாடாக நெடுங்காலம் இருந்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் கோழிப்பண்ணை வைக்கத் துணிந்ததன் பயனாக, நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை லாரியேற்றி அனுப்பும் பிரதேசமாக இன்று மாறியிருக்கிறது. இந்தத் தொழிலின் ஜீவநாடி தீவனம். அந்தத் தீவனத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் விஷத்தைக் கண்டறியும் வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பிராணிகளை வதைக்காமல் விஷத்தை அளக்க மனிதன் கற்றுக்கொண்ட சரித்திரத்தில் அது ஒரு முக்கியமான அத்தியாயம்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. தொற்றுநோய் என்று முதலில் அஞ்சிய ஆராய்ச்சியாளர்கள், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே விஷத்தைச் சுரந்தது என்று கண்டு, அதற்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். நம் நாட்டிலும் 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறத்துக் கிராமங்களில், பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் கோழித் தீவனத்தின் பிரதான சரக்குகள் ஆதலால், நாமக்கல் பண்ணையாளனுக்கு இவை தூரதேசத்துச் செய்திகள் அல்ல.

விஷம் இன்னதென்று தெளிவாகாத அந்தத் தொடக்க வருஷங்களில் அதைக் கண்டறியும் கருவியாக அமைந்தது, பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக்குஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.36 மில்லிகிராம் விஷமே குஞ்சுகளில் பாதியைக் கொல்லப் போதுமானதாக இருந்தபடியால், இதைவிட நுட்பமான பிராணி கிடைக்காது என்று கருதி, சந்தேகத்துக்குரிய தீவனத்திலிருந்து வடித்த சாரத்தைச் சில நாட்கள் அதற்குப் புகட்டி, பின்பு அதன் ஈரலை அறுத்து, பித்தநாளங்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றனவா என்று நுண்ணோக்காடியில் பார்ப்பார்கள். பிராணிகளில் பாதி சாகும் அளவைக் கொண்டு விஷத்தின் வலிமையைக் குறிக்கும் முறையை ஆங்கில விஞ்ஞானி டிரெவன் 1927இல் வகுத்திருந்தார். உலகமெங்கும் எண்ணற்ற எலிகளும் முயல்களும் அந்த ஓர் எண்ணுக்காக மடிந்துகொண்டிருந்த காலம் அது.

வாத்துக்குஞ்சை அந்தப் பலியிலிருந்து மீட்டது ரசாயனம். விஷத்தைக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஏறவிட்டு, புற ஊதா ஒளியில் பிடித்தால் அது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒளியின் அடர்த்தி அளவையும் சொல்லிவிடும். குஞ்சு தன் உயிரைக் கொடுத்தும் சொல்ல முடியாத துல்லியம் இது. கோழித் தீவனத்தில் நூறு கோடிப் பங்குக்கு இருபது பங்குக்கு மேல் இந்த விஷம் இருத்தலாகாது என்று இந்தியத் தர நிர்ணயம் வரம்பு கட்ட முடிந்ததும் இத்தகைய நுண்ணிய முறைகளால்தான். 1985இல் மோகனூர் சாலையில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மக்காச்சோள மாதிரியை அனுப்பிவிட்டு, மூட்டைகளை இறக்கலாமா கூடாதா என்று காத்திருக்கும் பண்ணையாளனால், குஞ்சின் ஈரல் கெடும் வரை நாட்களைக் கழிக்க இயலாது. ஜீவகாருண்யமும் தொழிலின் அவசரமும் ஒரே திசையில் இழுத்தபடியாலேயே இந்த மாற்றம் நிலைபெற்றது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆயினும் பின்னர் வந்த விரைவுப் பரிசோதனைகளில் பயன்படும் எதிர்ப்பொருள்கள் பலவும் முயலிடமிருந்தோ சுண்டெலியிடமிருந்தோ பெறப்பட்டவை என்பதால், பிராணியின் கடன் முற்றும் தீர்ந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன்.

கருணையின் பக்கத்திலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரும் பங்கு உண்டு. ராஜ்யசபையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிவதைத் தடுப்புக்காகத் தனி மசோதா கொண்டுவந்து, சர்க்காரே சட்டம் இயற்றும் என்று நேரு வாக்களித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960இல் பிறந்த சட்டம், தவிர்க்கக்கூடிய இடங்களிலெல்லாம் பிராணிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும், கல்லூரிகளில் புத்தகமும் மாதிரி உருவமும் திரைப்படமும் போதுமானால் அவற்றையே கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் மாற்று காண்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது என்ற மூன்று நெறிகளைத் தம் நூலில் வகுத்திருந்தனர்.

நாமக்கல் சமவெளியின் தனிச் செல்வமான கோழியும் முட்டையும் இந்த நெறிகளுக்குப் பெரிதும் உதவியிருக்கின்றன. 1944இல் டிரெய்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த முறைப்படி, சோப்பும் சாயமும் பிற ரசாயனங்களும் முயலின் கண்ணில் இடப்பட்டு, கண் சிவந்து புண்ணாவதை நாட்கணக்கில் குறித்துவந்தார்கள். 1985இல் லூப்கே என்ற ஜெர்மானியர், ஒன்பது நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டைத் திறந்து, உள்ளே ரத்தக்குழாய்கள் படர்ந்த சவ்வின் மேல் ரசாயனத்தை இட்டு ஐந்து நிமிஷம் கவனித்தால், அது கண்ணை உறுத்துமா என்பதை ஊகிக்கலாம் என்று காட்டினார். இறைச்சிக்காக அறுக்கப்பட்ட கோழியின் கண்ணையே எடுத்துச் சோதிக்கும் முறை 2009இல் சர்வதேச வழிகாட்டியாயிற்று. கோடிக்கணக்கான கோழிகளை வளர்த்து உண்ணும் உலகத்தில் ஒரு முயலின் கண்ணுக்காக வருந்துவது பொருந்துமா என்று கேட்போர் உண்டு. அவசியமற்ற வேதனை, ஒரு பிராணியுடையதானாலும் வேதனையே என்று நான் கருதுகிறேன்.

அதே 2009இல், காவிரியில் சற்றுத் தொலைவு கீழே சென்றால் வரும் திருச்சிராப்பள்ளியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், சுவிட்சர்லாந்து அறக்கட்டளை ஒன்றின் துணையோடு மகாத்மா காந்தி – டோரன்காம்ப் மையம் நிறுவப்பட்டு, பிராணிகளின்றி உயிரியலைக் கற்பிக்கும் வழிகளைப் பரப்பத் தொடங்கியது. 2014இல் அழகுசாதனப் பொருள்களைப் பிராணிகள் மீது சோதிப்பதை இந்தியா தடை செய்தது.

விவசாய ரசாயனங்களின் நிலை வேறு. 2018 முதல் நம் மக்காச்சோளக் காடுகளைப் படைப்புழு அரித்து வருகையில், அதன் மேல் தெளிக்கும் மருந்துகள் பதிவு பெறுவதற்கு எலியும் முயலும் இன்னமும் தேவைப்படுகின்றன. ஒரு நாட்டில் முறைப்படி நடந்த சோதனையை மற்ற நாடுகளும் ஏற்கும் உடன்பாட்டில் 2011இல் இந்தியா முழுமையாகச் சேர்ந்தபடியால், ஒரே மருந்துக்காக மறுபடியும் ஒரு கூட்டம் பிராணிகளைக் கொல்லும் தேவை குறைந்திருக்கிறது. நீண்ட காலம் சிறிது சிறிதாக உடலில் சேரும் விஷத்தை அளப்பதற்கு மட்டும், வாத்துக்குஞ்சை விடுவித்த அந்தத் தகட்டைப் போன்ற எளிய மாற்று இன்னும் கிடைக்கவில்லை.