மறைப்பும் பின்னணியும்: ஒளிப்படக் கலையில் ஒரு வரலாற்று நோக்கு

ஒரு படத்திலுள்ள உருவத்தை அதன் பின்னணியினின்றும் பிரித்தெடுத்துப் பிறிதொரு பின்னணியின்மீது பொருத்துதல் இன்று பள்ளிச் சிறுவரும் கணினியிற் செய்யும் எளிய செயலாகிவிட்டது. இதனைக் கணினி ஈன்ற கலையென எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. இக்கலைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நம் வீட்டுப் பெட்டகங்களிலும் கல்லூரிச் சுவர்களிலும் உள்ள படங்களை எவ்வாறு பேணவேண்டும் என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகின்றது.

மறைப்பு என்பது யாதென முதற்கண் நோக்குவாம். ஒளி படவேண்டாத இடத்தை மூடிநிற்கும் தகடு, தாள், துணி, மை ஆகிய யாவும் மறைப்பெனப்படும். ஓர் உருவத்தைப் புதிய பின்னணியில் அமைத்தற்கு இரண்டு மறைப்புக்கள் வேண்டும். ஒன்று உருவம் நிற்கவேண்டிய இடத்தை மூடிப் பின்னணியை மாத்திரம் பதியச் செய்யும். மற்றொன்று அதற்கு நேர்மாறாய்ப் பின்னணியை மூடி உருவத்தை மாத்திரம் பதியச் செய்யும். இரண்டின் விளிம்புகளும் இம்மியும் பிசகாது பொருந்தின் இணைப்புத் தோன்றாது. பிசகின், உருவத்தைச் சுற்றி ஒரு கோடு தோன்றி உண்மையை வெளிப்படுத்திவிடும்.

இம்முறை பிறந்தது தேவையினாலேயாம். தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியை மிகுதியும் ஏற்பன. ஆதலின் நிலத்துக்கு வேண்டிய அளவு ஒளி கொடுத்தால் வானம் முகிலின்றி வெளுத்துவிடும். பிரான்சு தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியிற் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை மற்றொன்றிலும் எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு இக்குறையை நீக்கினார். 1857இல் ஒஸ்கார் றெயிலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து 'வாழ்வின் இரு நெறிகள்' என்னும் பெரும்படத்தை ஆக்கினார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, நோயுற்று இறக்கும் இளம்பெண் ஒருத்தியின் படத்தை அமைத்தார். ஒளிப்படம் கண்டதைக் காட்டவேண்டுமா, கலைஞன் கருதியதைக் காட்டவேண்டுமா என்னும் வழக்கு அக்காலத்திலேயே எழுந்துவிட்டது.

பின்னர் இவ்வித்தை திரைப்படத்துட் புகுந்தது. 1903இல் எட்வின் போர்ட்டர், நிலைய அறையொன்றின் சாளரத்துக்கு அப்பால் புகைவண்டி செல்வதை மறைப்பின் துணையாற் காட்டினார். 1918இல் பிராங்க் வில்லியம்ஸ், உருவம் அசையுந்தோறும் தானும் உடனசையும் மறைப்புக்கு உரிமம் பெற்றார். மைசூர்ச் சிறுவன் சாபு நடித்த 'பாக்தாத் திருடன்' 1940இல் வெளிவந்தபோது, நீலத்திரையின் முன் நின்றோரை விண்ணிற் பறக்கவைக்கும் முறை வண்ணப் படத்திலும் வெற்றி கண்டது. அதே ஆண்டிற் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட 'உத்தமபுத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். 1949இல் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்க'ளில் எம். கே. ராதாவும் அவ்வாறே நடித்தார். ஒருவரை இருவராக்கும் பழைய முறை இதுவாகும்: வில்லையின் ஒரு பாதியை மூடி ஒருமுறை படமெடுத்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மூடி மீண்டும் எடுத்தல்.

நம் கொழும்பு மாநகரும் இவ்வரலாற்றிற் பங்குடையது. இங்குப் பிறந்து வாழ்ந்த லயனல் வென்ட் (1900 - 1944) பல படங்களை ஒன்றாக இணைத்துப் புதியதோர் உலகைக் காட்டிய கலைஞர். அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்களே எஞ்சின. அவர் எதனை எதனோடு இணைத்தார் என ஆராய்வோர் இன்று அவ்வச்சுப் படங்களையே நோக்கவேண்டியவராயினர். மூலம் போயின், இணைப்பின் வரலாறும் உடன்போகும்.

இவ்விழப்பு கலைஞருக்கு மாத்திரம் உரியதன்று. கொச்சிக்கடை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், காலமானவரின் தனிப்படம் இல்லாதவிடத்து, மணவீட்டுக் குழுப்படமொன்றிலிருந்து அவருருவைப் பிரித்து, நீலப் பின்னணியில் அமைத்து, நினைவு மலரில் வெளியிடுதல் வழக்கம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் வீட்டோடு படங்களையும் இழந்தோருக்கு, உறவினர் வீட்டிலிருந்து கிடைக்கும் ஒரு குழுப்படம் பெருந்தனமாகும். அதிலிருந்து முகத்தை வெட்டுங்கால், அருகே நின்ற சுற்றத்தார், பின்னால் இருந்த கடையின் பெயர்ப்பலகை, அக்காலத்து உடை, தெரு யாவும் கழிந்துபோகின்றன. முகம் குடும்பத்துக்கு வேண்டியது. பின்னணியோ வரலாற்றுக்கு வேண்டியது.

கத்தரிக்கோல் செய்த இத்தீங்கைக் கணினியின் மறைப்புத் தவிர்க்கவல்லது. 1970களின் பிற்பகுதியில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறத்தோடு மறைப்பளவையும் சேர்த்துவைக்கும் முறை தோன்றியது. 1984இல் போர்ட்டர், டஃப் என்னும் இருவர் அவ்வளவுகளைக் கொண்டு படங்களை இணைக்கும் கணித விதிகளை வகுத்தனர். அளவு 0 எனின் அப்புள்ளி முற்றும் மறையும். 255 எனின் முற்றும் தோன்றும். இடைப்பட்ட எண்களால் தலைமயிரின் நுண்ணிய விளிம்பும் புதிய பின்னணியோடு இயையும். மறைப்பை நீக்கினால் மூலப் பின்னணி முன்போலவே வெளிப்படும்.

கொச்சிக்கடையிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த திருக்கோயிலின் இறைவர் பொன்னம்பலவாணேசுவரர். பொன்னம்பலத்திற் கூத்தாடும் பெருமானின் ஐந்தொழில்களுள் அழித்தல் வேறு, மறைத்தல் வேறு எனச் சைவநூலார் பகுத்தனர். மறைந்தது பின்னர் வெளிப்படும், அழிந்தது அவ்வாறன்று. படங்களைக் கையாளும் மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. புதிய படத்தை ஆக்குக, மூலத்தையும் பேணுக. அதன் பின்புறத்தே ஆண்டையும் இடத்தையும் நிற்போர் பெயர்களையும் எழுதிவைக்க. பழைய மாணவர் இல்லங்களிலுள்ள குழுப்படங்களை முழுமையாகவே படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பின், நாளை நம் வரலாறு எழுதுவோருக்கு அவை நற்சான்றாகும்.