மதுரை வட்டாரக் கிறித்தவத் தமிழ் நூல்கள்

மதுரை வட்டாரக் கிறித்தவத் தமிழ் நூல்கள் என்பவை மதுரையை மையமாகக் கொண்டு இயங்கிய கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபை மறைப்பணிகளின் வழியாக உருவான சமய நூல்கள் ஆகும். மறைக்கல்வி வினாவிடை, உரைநடை நூல், காப்பியம், பாடல் தொகுப்பு, இதழ், பள்ளிப் பாடநூல் எனப் பல வகைகள் இவற்றுள் அடங்கும். தொடக்கத்தில் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் ஒரே நூலே பயன்பட்டது. சிறுவர்க்கெனத் தனி நூல்கள் பெருகியது 19ஆம் நூற்றாண்டில் பள்ளிகள் பரவிய பின்னரே ஆகும்.

முன்னோடி நூல்கள்

தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578ல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இதனை முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழாக்கினார். அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த அவரது கிரிசித்தியானி வணக்கம் வினாவிடை வடிவிலானது. இதன் போர்த்துக்கேய மூலம் சிறுவர்க்குக் கற்பிப்பதற்காக மார்க்கோஸ் ஜார்ஜ் என்பவரால் எழுதப்பட்டதாகும். எழுத்தறியாதோர் மிகுந்திருந்த அக்காலத்தில், ஒருவர் கேட்கப் பிறர் விடை சொல்லும் இவ்வடிவம் பெரியவர்களுக்கும் ஏற்றதாயிருந்தது.

மதுரை மறைப்பணி

இத்தாலியரான இராபர்ட் தெ நோபிலி 1606ல் மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் எனப்பட்ட இவர் ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். மதுரையில் அப்போது அச்சகம் இல்லாமையால், இவரது காலத்தில் இந்நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே வழங்கின. இவற்றின் நடை வடசொற்கள் மிகுந்தது. கோவில், பூசை, குரு, அருள் முதலிய சொற்களைக் கிறித்தவ வழக்கிற்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இதே மறைப்பணியைச் சேர்ந்த வீரமாமுனிவர் (1680-1747) 3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணியையும், உபதேசியார்களுக்கென வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். இவரது பரமார்த்த குரு கதை சமய நூல் அன்று. 1822ல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சான இந்நகைச்சுவைக் கதை, பிற்காலத்தில் சமய வேறுபாடின்றித் தமிழ்ச் சிறுவர்கள் படிக்கும் கதையாயிற்று.

அமெரிக்க மதுரை மிசன்

யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க மிசனின் கிளையாக மதுரை மிசன் 1834ல் தொடங்கப்பட்டது. 1842ல் திருமங்கலத்தில் நிறுவப்பட்ட இதன் செமினரி 1845ல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. பின்னர் பசுமலையில் லெனாக்ஸ் அச்சகம் இயங்கியது. சத்தியவர்த்தமானி என்னும் இதழும் அங்கிருந்து வெளிவந்தது.

இம்மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) கீர்த்தனைகளைத் திரட்டி 1853ல் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதுவரை சீர்திருத்தத் திருச்சபை வழிபாடுகளில் மேனாட்டு மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளே பெரும்பாலும் பாடப்பட்டன. இராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனைகள் வழிபாட்டில் நிலைபெற இத்தொகுப்பு துணைநின்றது. படிக்கத் தெரியாத பெரியவரும் பள்ளி செல்லாத சிறுவரும் இவற்றைக் கேட்டே மனப்பாடம் செய்ய முடிந்தது.

சிறுவர் நூல்கள்

மிசன் பள்ளிகள் பெருகியபோது சிறுவர் நூல்களின் தேவையும் பெருகியது. நாகர்கோவிலிலிருந்து 1840ல் வெளிவந்த பாலதீபிகை தமிழின் முதல் சிறுவர் இதழ்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஜான் மர்டாக் (1819-1904) சென்னையை மையமாகக் கொண்டு பள்ளி நூல்களையும் மலிவு விலைச் சிறு நூல்களையும் வெளியிடுவதில் முன்னின்றார். 1865ல் இவர் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் பட்டியல் நூலடைவு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இந்நூல்கள் சமயமாற்ற நோக்கம் உடையவை என்ற எதிர்ப்பும் எழுந்தது. சைவச் சிறுவர்கள் மிசன் நூல்களை மட்டுமே சார்ந்திருக்கக் கூடாது எனக் கருதிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். கிறித்தவச் சிறுவர் நூல்களும் அவற்றுக்கு எதிராக எழுந்த நூல்களும் ஆகிய இரண்டுமே தமிழ்ப் பாடநூல் உரைநடையை வளர்த்தன.

பிற்காலம்

1969ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி மதுரை அரசரடியில் உள்ளது. இங்கிருந்து தேனிச் சாலையில் மேற்கே செல்லின் நாகமலை புதுக்கோட்டையை அடையலாம். இக்கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (மறைவு 2005) பரட்டை என்னும் பெயரில் பேச்சுத் தமிழிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் பாடல்கள் இயற்றினார். சிற்றூர் மக்களின் வழிபாட்டுக்கு அவர்களது மொழியே உரியது என்பது இவரது கருத்து.

மொழிநடை

நோபிலி காலத்திலேயே தொடங்கிய மொழிநடைச் சிக்கல் இன்றும் தொடர்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் பெரிதும் பயன்படுத்தும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் தேவன், பரிசுத்த ஆவி என்பன போன்ற சொற்கள் உள்ளன. 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவை கடவுள், தூய ஆவி என அமைந்துள்ளன. ஞாயிறு பள்ளியிலும் கோடைக்கால விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் சிறுவர்கள் வசனங்களை மனப்பாடம் செய்வதால், எந்த நடையைத் தெரிவு செய்வது என்பது நூல் வெளியிடுவோருக்கு முதன்மையான வினாவாகிறது. பழைய நடை, பாட்டனும் பேரனும் ஒரே வசனத்தைச் சேர்ந்து சொல்ல உதவுகிறது. புதிய நடை, பேரன் அதனை உரையின்றிப் புரிந்துகொள்ள உதவுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

தம்பிரான் வணக்கம்
இராபர்ட் தெ நோபிலி
வீரமாமுனிவர்
வேதநாயக சாஸ்திரியார்
பசுமலை