தகடூர் நாடும் 27 மூச்சும்

காவிரி பாறைகளினூடே பாய்ந்து விழும் ஒகேனக்கல், தருமபுரி மாவட்டத்தின் எல்லையில் உள்ளது. ‘புகையும் கல்’ எனப் பொருள்படும் கன்னடச் சொல்லே இவ்வூருக்குப் பெயராயிற்று. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவோரிடம் உடலை ஒப்புவித்து, அருவியில் நீராடி, களைப்பு நீங்கித் திரும்புதல் இங்கு வருவோரின் வழக்கம். இஃது என்றோ ஒரு நாள் வாய்க்கும் ஓய்வு. நாள்தோறும், நின்ற இடத்திலேயே கொள்ளத்தக்க வேறோர் ஓய்வைச் சமணச் சான்றோர் அறிந்திருந்தனர். அதுவே காயோத்சர்க்கம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பாளியைச் சம்பைக் கல்வெட்டு குறிக்கிறது. அது சமண முனிவரின் உறைவிடமாகக் கருதப்படுகிறது. பின்னர், நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறந்தார் தகடூரில் ஒரு பசதி எடுப்பித்தனர். மன்னனிடம் பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணன் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் அப்பசதிக்காக ஒப்படைத்ததைக் கி.பி. 893ஆம் ஆண்டுக்குரிய கன்னடக் கல்வெட்டு கூறுகிறது.

அத்தகைய பசதிகளைச் சார்ந்து வாழ்ந்த திகம்பர முனிவரின் ஒழுக்கத்தை விரித்துரைப்பது மூலாசாரம். அது கூறும் 6 ஆவசியகங்களுள் காயோத்சர்க்கமும் ஒன்று. பாதங்களுக்கிடையே 4 விரற்கடை இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு, அசைவற்று நிற்றலே அதன் முறை. குதிரையைப் போல் ஒரு காலைத் தளர்த்தி நிற்றலும், கொடியைப் போல் ஆடுதலும், சுவரிலோ தூணிலோ சாய்தலும் குற்றங்கள் எனப்பட்டன. உடலின் சோர்வை நுணுகி நோக்கியவரே இவ்வாறு வகுத்திருக்க இயலும்.

காலத்தை அளக்க மூச்சே கருவியாயிற்று. பகற்பொழுதின் பிழை நீங்க 108 மூச்சு. இரவின் பிழை நீங்க 54. உண்டபின்னும், ஊர்விட்டு ஊர் சென்றபின்னும் 25. நூல் ஓதத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 27. ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் இடையே சிறு நிறுத்தம் வைத்த ஒழுங்கு இது. பஞ்சநமஸ்காரத்தை ஒருமுறை ஓத 3 மூச்சு என்பது கணக்கு. 9 முறை ஓதினால் 27 மூச்சு. இயல்பான மூச்சில் இதற்கு இரண்டு நிமிடமே ஆகும்.

அசைவுக்கும் இம்முறையில் இடமுண்டு. வந்தனையின்போது குவித்த கைகளைச் சுழற்றும் ஆவர்த்தம் 12. தலை தாழ்த்தல் 4. இல்லறத்தார் செய்யும் சாமாயிகத்திற்கும் இவற்றைச் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் விதித்துள்ளது. ஆகவே இது துறவியர்க்கு மட்டும் உரியதன்று.

காயோத்சர்க்கம் நலம் நாடி வகுக்கப்பட்டதன்று. ‘உடல் என்னுடையது’ என்னும் பற்றை விடுதலே அதன் நோக்கம். பற்றுத் தளருங்கால் மனத்தின் இறுக்கமும் தளர்தல் அதன் உடன்விளைவு. நோக்கத்தை மறந்து பயனை மட்டும் கொள்வது, நெல்லை விட்டு வைக்கோலைக் கொள்வது போலாகும்.

இன்று நம் இளைஞர் அலுவலகத்தில் பகல் முழுதும் கணினியின்முன் அமர்ந்து, மனவழுத்தம் நீங்கப் பணம் கொடுத்துப் பயிற்சி பெறுகின்றனர். பாட்டனார் ஜிநாலயத்தில் நின்று எண்ணிய 27 மூச்சு அவர்கள் நினைவில் இல்லை. நிதியண்ணன் கொடையைக் கல் காத்தது. இவ்வொழுக்கத்தைக் காக்கக் கல்லால் இயலாது. வீட்டில் பெரியவர் ஒருவர் நின்று காட்டப் பிள்ளைகள் உடன் நின்றாலன்றி அது நிலைபெறாது.