முன்னும் பின்னும் பெயர்ந்த போர்முனை



யுத்தச் செய்திகளை அன்றாடம் கேட்டு வருவோருக்கு ஒரு மயக்கம் உண்டாவது இயல்பு. இன்று முன்னேறிச் செல்லும் சேனையே முடிவில் வெல்லும் என்றும், இன்று பின்வாங்கும் சேனை இனித் தலையெடுக்காது என்றும் மனம் தீர்ப்புக் கூறிவிடும். செய்தி கேட்போர் மாத்திரமன்றிச் சேனைகளை நடத்தும் தளபதிகளும், நாடுகளை ஆளும் தலைவர்களும் இம்மயக்கத்துக்கு ஆளாவதுண்டு. அதனால் விளைந்த கேட்டுக்குக் கொரிய யுத்தத்தைப் போன்ற சான்று வேறொன்றைக் காண்பது அரிது. 1950இல் மூண்ட அந்த யுத்தம் போர் நிறுத்த உடன்படிக்கை ஒன்றினால் ஓய்ந்ததேயன்றிச் சமாதான உடன்படிக்கையினால் முடிவு பெறவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அது இன்னும் முடியாத யுத்தமாகவே இருக்கிறது.

1945 ஓகஸ்ட் மாதத்தில் யப்பான் சரணடையும் தறுவாயில், அதுவரை யப்பானியர் ஆண்ட கொரியாவை யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி எழுந்தது. வடக்கே சோவியத் படைகள் புகுந்துகொண்டிருந்தன. வாஷிங்டனிலே இரண்டு இளம் இராணுவ அதிகாரிகள் ஒரே இரவில் தேசப்படம் ஒன்றைப் பார்த்து 38ஆம் அகலக்கோட்டை எல்லையாகக் கொள்ளலாம் என்று யோசனை கூறினர். மலையையும் ஆற்றையும் ஊரையும் உறவையும் கவனியாது இழுக்கப்பட்ட அக்கோடு, சில ஆண்டுகளில் இரண்டு அரசாங்கங்களின் எல்லையாகியது. வடக்கே கிம் இல் சுங்கும் தெற்கே சிங்மன் ரீயும் ஆட்சி நடத்தினர். முழுக் கொரியாவும் தமக்கே உரியதென்று இருவரும் சாதித்தனர்.

1950 யூன் 25ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வடகொரியச் சேனை எல்லையைக் கடந்தது. அதனிடம் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட டாங்கிகள் ஏறத்தாழ 150 இருந்தன. தென்கொரியச் சேனையிடம் ஒரு டாங்கியேனும் இருக்கவில்லை. இப்படையெடுப்புக்கு ஸ்டாலின் முன்கூட்டியே அனுமதி வழங்கியிருந்தார் என்பதும், மாவோ சேதுங் அதற்கு இணங்கியிருந்தார் என்பதும், 1990களில் சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்ட பின்னர் ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தன. மூன்றாம் நாளே தலைநகரான சியோல் வீழ்ந்தது. பகைவர் கடந்துவிடாதிருக்க வேண்டுமென்று ஹான் ஆற்றுப் பாலத்தைத் தென்கொரியர் அவசரப்பட்டுத் தகர்த்தபோது, அதன்மீது அகதிகள் நெருக்கியடித்துச் சென்றுகொண்டிருந்தனர். தென்கொரியச் சேனையின் பெரும்பகுதி ஆற்றுக்கு வடகரையில் அகப்பட்டுக்கொண்டது.

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை கூடியபோது சோவியத் பிரதிநிதி அங்கு இல்லை. சீனாவின் ஆசனம் பீகிங் அரசாங்கத்துக்கு வழங்கப்படாததைக் கண்டித்து அவர் சபையைப் பகிஷ்கரித்திருந்தார். ஆகவே தடைவாக்கின்றித் தீர்மானங்கள் நிறைவேறின. அமெரிக்க ஜெனரல் மக் ஆர்தரின் தலைமையில் ஐக்கிய நாடுகளின் சேனை அமைந்தது. காலப்போக்கில் 16 நாடுகள் போர்ப்படைகளை அனுப்பின. இந்தியா போர்வீரரை அனுப்பாது வைத்தியப் படைப்பிரிவொன்றை அனுப்பியது.

முதலில் வந்திறங்கிய அமெரிக்கர் ஏறத்தாழ 540 பேர். யூலை 5ஆந் திகதி ஓசானுக்கு அருகில் அவர்கள் ஏவிய குண்டுகள் டாங்கிகளின் கவசத்தைத் துளைக்க மாட்டாது சிதறின. ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் சேனைக்கு எஞ்சியிருந்தது தென்கிழக்கே பூசான் துறைமுகத்தைச் சூழ்ந்த ஒரு மூலை மாத்திரமே. நக்டொங் ஆற்றை அரணாகக் கொண்டு ஜெனரல் வாக்கர் அந்த மூலையைக் காத்து நின்றார். வடகொரியாவுக்கு வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதாகவே உலகம் எண்ணியது. ஆயினும், வடகொரியரின் உணவும் வெடிமருந்தும் நூற்றுக்கணக்கான மைல் தெருவழியே வரவேண்டியிருந்தன. அத்தெருக்கள் மீது அமெரிக்க விமானங்கள் இரவு பகலாகக் குண்டு வீசின. பூசானிலோ கப்பல் கப்பலாகப் படைகளும் பொருள்களும் வந்திறங்கிக்கொண்டிருந்தன. முன்னேறியவன் மெலிந்துகொண்டிருந்தான், பின்வாங்கியவன் வலுத்துக்கொண்டிருந்தான்.

செப்டெம்பர் 15ஆந் திகதி மக் ஆர்தர் தமது பெரும் துணிச்சலான காரியத்தைச் செய்தார். சியோலுக்கு அருகிலுள்ள இன்சொன் துறைமுகத்தில், பகைவரின் முதுகுப்புறத்தே, ஏறத்தாழ 70,000 பேர் கொண்ட படையை இறக்கினார். அத்துறையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 30 அடி அளவு வேறுபாடு உண்டு. வற்றுக் காலத்தில் கப்பல்கள் சேற்றில் புதைந்துவிடும். காலைப் பெருக்கில் வொல்மிதோத் தீவைப் பிடித்து, மாலைப் பெருக்கில் நகரக் கரையில் இறங்கினர். இரண்டு வாரங்களுக்குள் சியோல் மீட்கப்பட்டது. தெற்கே நின்ற வடகொரியச் சேனை இரு படைகளுக்கிடையே நசுங்கிச் சிதறியது.

இங்கேதான் யுத்தத்தின் தலைவிதியை நிர்ணயித்த கேள்வி பிறந்தது. படையெடுத்தவன் எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டான். ஐக்கிய நாடுகள் ஏற்ற காரியம் நிறைவேறியது. இனி நிற்பதா? செல்வதா? ஒக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் நள்ளிரவு கடந்த வேளையில், சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியத் தூதுவர் கே. எம். பணிக்கரை அழைப்பித்தார். அமெரிக்கச் சேனை 38ஆம் அகலக்கோட்டைக் கடந்தால் சீனா சும்மா இராது என்று அவரிடம் தெரிவித்தார். இந்தியா இந்த எச்சரிக்கையை உரிய இடங்களுக்கு அறிவித்தது. ஆனால் வாஷிங்டன் அதனை வெறும் பயமுறுத்தலென்று கொண்டது. ஒக்டோபர் 15ஆந் திகதி வேக் தீவில் ஜனாதிபதி ட்ரூமனைச் சந்தித்த மக் ஆர்தர், சீனர் தலையிடுவது அரிது என்று உறுதி கூறினார். சேனைகள் ஏற்கெனவே எல்லையைக் கடந்திருந்தன. 19ஆந் திகதி வடகொரியத் தலைநகரான பியோங்யாங் அவர்கள் வசமாயிற்று.

அதே நாள் மாலையில், பெங் தெஹுவாய் என்ற தளபதியின் கீழ், சீனப் படைகள் யாலு நதியைக் கடக்கத் தொடங்கின. இரவில் நடந்து பகலில் காடுகளிலும் கிராமங்களிலும் மறைந்திருந்த அப்படைகளை ஆகாயத்திலிருந்து எவரும் காணவில்லை. ஒக்டோபர் இறுதியில் ஒருமுறை கடுமையாகத் தாக்கிவிட்டு அவர்கள் திடீரென மலைகளுக்குள் மறைந்தனர். இந்த மறைவைப் பலவீனம் என்று மக் ஆர்தர் தவறாக உணர்ந்தார். நத்தாருக்கு முன் வீரர்கள் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு நவம்பர் 24ஆந் திகதி இறுதித் தாக்குதலைத் தொடங்கினார். மறுநாள் சீனர் முழுப் பலத்தோடும் பாய்ந்தனர். சோசின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில், பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரில், அமெரிக்கக் கடற்படை வீரர் முற்றுகையை உடைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தனர். அவர்களை மறித்து நின்ற சீனர்களிலே ஆயிரக்கணக்கானோர் மெல்லிய பருத்தி உடையோடு உறைந்து மாண்டனர். ஹங்நாம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் வீரர்களும், அவர்களோடு ஏறக்குறைய அதேயளவு பொதுமக்களும் கப்பலேறினர். 1951 ஜனவரி 4ஆந் திகதி சியோல் மூன்றாம் முறையாகக் கைமாறியது.

இப்போது நின்றுவிடும் வாய்ப்புச் சீனாவுக்குக் கிடைத்தது. எல்லையைக் கடக்க வேண்டாமென்று ஆசிய நாடுகள் டிசம்பர் மாதத்திலேயே வேண்டியிருந்தன. ஜனவரி நடுப்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபை போர் நிறுத்தத்துக்கான கோட்பாடுகளை முன்வைத்தது. இந்தியாவின் பெனகல் நரசிங்க ராவும் அம்முயற்சியில் ஈடுபட்ட மூவருள் ஒருவர். பீகிங் அதனை நிராகரித்தது. மூன்று மாதங்களுக்கு முன்னர் வாஷிங்டனின் கண்ணை மறைத்த அதே வெற்றிப் புகை, இப்பொழுது பீகிங்கின் கண்ணை மறைத்தது. களத்தில் நின்ற பெங் தெஹுவாய்க்கு உண்மை தெரிந்திருந்தது. அவருடைய வீரர்கள் களைத்திருந்தனர். உணவும் உடையும் குறைந்திருந்தன. மேலும் தெற்கே செல்லுமாறு கிம் இல் சுங் வற்புறுத்தியும் அவர் தயங்கினார்.

விபத்தில் இறந்த வாக்கரின் இடத்துக்கு வந்த ஜெனரல் ரிட்ஜ்வே ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். சீனரின் ஒவ்வொரு தாக்குதலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தளர்ந்துவிடுகிறது. காரணம், போர்வீரன் தோளில் சுமந்து செல்லும் உணவும் வெடிமருந்தும் அவ்வளவு காலத்துக்கே போதும். ஆகவே அவர் நிலப்பரப்பைப் பற்றிக் கவலையுறாது படைகளை ஒன்றுசேர்த்து, பீரங்கி பலத்தைப் பெருக்கி, மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தார். பெப்ரவரியில் சிப்யொங்னி என்னும் சிற்றூரில் சூழப்பட்ட அமெரிக்க, பிரெஞ்சுப் படைகள் ஓடாது நின்று தாக்குதலை முறியடித்தன. மார்ச் நடுப்பகுதியில் சியோல் நான்காம் முறை கைமாறியது. ஒன்பது மாதங்களுக்குள் நான்கு முறை! ஒவ்வொரு முறையும் வந்தவர்கள், சென்றவர்களுக்கு உதவியவர் யாரென்று தேடினர். பலர் அதற்காக உயிரிழந்தனர்.

சீனாவுக்கே யுத்தத்தை விரிக்க வேண்டுமென்று பகிரங்கமாக வாதிட்ட மக் ஆர்தரை ட்ரூமன் ஏப்ரல் 11ஆந் திகதி பதவி நீக்கினார். அம்மாத இறுதியிலும் மே மாதத்திலும் சீனர் நடத்திய பெருந்தாக்குதல்கள், இம்ஜின் ஆற்றிலும் கப்யோங் பள்ளத்தாக்கிலும் பிரித்தானிய, அவுஸ்திரேலிய, கனேடியப் படைகளின் எதிர்ப்பினால் தாமதமுற்று, பெரும் உயிர்ச்சேதத்தோடு ஓய்ந்தன. யூன் மாதத்தில் போர்முனை, ஓர் ஆண்டுக்கு முன் யுத்தம் தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே வந்து நின்றது. அப்போது சோவியத் பிரதிநிதி யாக்கோப் மாலிக் போர் நிறுத்தம் சாத்தியம் என்று குறிப்புக் காட்டினார். அவர் அதனைக் கூறியது ஒரு வானொலி உரையிலேயே என்பது நேயர்களுக்குச் சுவையளிக்கும் செய்தியாகும்.

1951 யூலை 10ஆந் திகதி தொடங்கிய பேச்சு முடிவதற்கு இரண்டு ஆண்டுகளும் பதினேழு நாட்களும் சென்றன. எல்லைக்கோடு பற்றி நவம்பரிலேயே இணக்கம் ஏற்பட்டது. இறுதிவரை தீராதிருந்தது கைதிகளின் பிரச்சினை. திரும்ப விரும்பாத கைதியை வலிந்து அனுப்புவதில்லை என்று அமெரிக்கா நின்றது. எல்லோரையும் அனுப்பியே தீரவேண்டுமென்று சீனாவும் வடகொரியாவும் நின்றன. ஐக்கிய நாடுகளின் வசமிருந்த ஏறத்தாழ 170,000 பேரில், முதல் விசாரணையின்போது திரும்ப விரும்பியவர்கள் 70,000 பேர் அளவினரே. அம்முகாம்களில் இரு கட்சியாரும் அடிதடியினால் கைதிகளின் மனத்தை மாற்ற முயன்றனர் என்பதையும் மறைக்கலாகாது. மேசையில் வாதம் நீண்ட காலமெல்லாம் மலைகளில் மரணம் நீண்டது. பெயரில்லாத குன்றுகளை இலக்கமிட்டு அழைத்து, பிடித்து, இழந்து, மீண்டும் பிடித்தனர். அமெரிக்கப் படையினருக்கு நேர்ந்த சேதத்தில் ஏறக்குறையப் பாதி, பேச்சுத் தொடங்கிய பின்னர் நேர்ந்ததே.

1952 நவம்பரில் இந்தியாவின் கிருஷ்ண மேனன் முன்வைத்த சமரசத் தீர்மானமும், 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்ததும் வழியைத் திறந்தன. 1953 யூலை 27ஆந் திகதி பன்முன்ஜொம்மில் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. சிங்மன் ரீ அதில் ஒப்பமிட மறுத்தார். திரும்ப மறுத்த கைதிகளைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவுக்கு இந்திய ஜெனரல் திம்மையா தலைமை தாங்கினார். போரில் ஆயுதம் ஏந்தாத இந்தியச் சேனை, போர் ஓய்ந்தபின் காவலுக்காகக் கொரியா சென்றது.

நம் நாடும் இந்த யுத்தத்தின் அலையை உணராதிருக்கவில்லை. யுத்தம் மூண்டதும் றப்பரின் விலை உலகச் சந்தையில் ஏறியது, பின்னர் விழுந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடும் நேர்ந்தது. அந்நிலையில் 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு றப்பர் அரிசி ஒப்பந்தத்தைச் செய்தது. கொரியாவின் மலைகளில் வெடித்த குண்டு, களுத்துறையில் பால்வெட்டும் தொழிலாளியின் கூலியையும் கொழும்பில் சோறு சமைப்பவளின் பானையையும் தொட்டது.

புதிய எல்லைக்கோடு பழைய கோட்டைச் சாய்வாக வெட்டிச் செல்கிறது. யுத்தத்துக்கு முன் தெற்கில் இருந்த கேசொங் வடக்குக்குச் சென்றது. வடக்கில் இருந்த சொக்சோ தெற்குக்கு வந்தது. இந்தச் சிறு மாற்றத்துக்காக மாண்டவர் தொகை, பொதுமக்களையும் சேர்த்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டதென மதிப்பிடப்படுகிறது. 1954இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு கொரியப் பிரச்சினையைத் தீர்க்காது கலைந்தது. 2018இல் இரு கொரியத் தலைவர்களும் பன்முன்ஜொம்மில் சந்தித்து யுத்தத்துக்கு முறைப்படி முடிவு காண்போம் என்று அறிவித்தனர். அந்த முடிவும் வந்துசேரவில்லை. நான்கு கிலோமீற்றர் அகலமுள்ள ஆளற்ற நிலப்பகுதி இன்றும் இரு சேனைகளையும் பிரித்து நிற்கிறது.

1950 ஒக்டோபரில் ஒரு தரப்பும், 1951 ஜனவரியில் மறுதரப்பும், தாம் வென்றுகொண்டிருந்த வேளையில் நிற்க மறுத்தன. அவ்வேளைகளில் கிடைத்திருக்கக்கூடிய எல்லையைவிட மேலான எதனையும் பின்னர் எவரும் அடையவில்லை. தோற்கும்போது சமாதானத்தை நாடுவது எவருக்கும் இயலும். வெல்லும்போது அதனை நாடுவதற்கே அறிவும் துணிவும் வேண்டும். இன்று உலகில் எங்கேனும் ஒரு போர்முனை முன்னேறுகிறது என்ற செய்தியைக் கேட்கும்போது, நான்கு முறை கைமாறிய அந்த நகரத்து மக்களை நாம் ஒருகணம் நினைத்துக்கொள்வது நலம்.